இடக்கைக்கு மாறிய கோல்

வடபழனி, சென்னை
12.10.1995

மாமாவுக்கு சசிதரின் நமஸ்காரம்.

இங்கே நாங்கள் நால்வரும் சுகமாக இருக்கிறோம். மழை இறங்கினால் அம்மாவுக்கு முழங்கால் பிடித்துக்கொள்கிறது, மற்றபடி குறையில்லை. ஹர்ஷிணி மூன்றாம் வகுப்பு. போத்தனூர் தாத்தா எப்போது வருவார் என்று கேட்கிறாள். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? தலைசுற்றல் நின்றதா?

ஒரு நல்ல செய்தி. பதினேழு வருடம் பிறர் படங்களுக்கு உதவி இயக்குநராக ஓடிய பிறகு, எனக்கே ஒரு படம் தருவதாக ஒரு தயாரிப்பாளர் சொல்லியிருக்கிறார். மூன்று கதை சொன்னேன், கொட்டாவி விட்டார். நாலாவதாக ‘மகுடதாரி’ நாடகத்தை எனக்குத் தெரிந்த அரைகுறையில் சொன்னேன். நிமிர்ந்து உட்கார்ந்தார். “தன் வாசலிலேயே பிச்சைக்கு நிக்கிற ராஜா. நல்லா இருக்குய்யா. இந்தக் காலத்துக்கு மாத்தி எழுதிக் கொண்டா” என்றார். எனக்கு நாற்பத்து மூன்று நடக்கிறது. இதை விட்டால் இன்னொன்று வராது.

நாடகம் அச்சானதில்லை. நாடகத்தை எழுதி நடத்திய அரங்கசாமி வாத்தியாருடைய நோட்டுப் புத்தகத்தைக் கரையான் தின்றுவிட்டது என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். பதினோரு வருடம் படுதாக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மேடையோரம் நின்றவர் நீங்கள். அப்பா ராஜாவாக வந்த ஒவ்வொரு ஆட்டத்தையும் பார்த்தவர். யாரையாவது வைத்து முழுவதையும் எழுதி அனுப்ப வேண்டும்.

அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. “கைதட்டுக்கு உசுரை விட்டவன் கதையைத்தான் எடுக்கோணுமா?” என்றாள். கோபிசெட்டிபாளையத்து ஆட்டத்தில் ஜனங்கள் ஒன்ஸ்மோர் கேட்டார்கள் என்று நெஞ்சுவலியோடு மூன்றாம் முறை பாடி அப்பா விழுந்தார். ஒன்றரை வயதுப் பிள்ளையைப் பற்றி நினைக்கவில்லை. எனக்கும் அவர் மேல் பெரிய பாசம் கிடையாது. ஆனால் நாடகம் நல்ல நாடகம்.

மாத்திரையை வேளை தவறாமல் சாப்பிடுங்கள், மாமா.

சசிதர்

*

போத்தனூர்
30.10.1995

சிரஞ்சீவி சசிதருக்குத் தாய்மாமன் வேங்கடசாமி வாழ்த்திச் சொல்லி எழுத வைப்பது. நான் சுகம். தலைசுற்றல் குறைந்திருக்கிறது. பங்காரம்மாவின் முழங்காலுக்கு வேப்பெண்ணெயைச் சுடவைத்துத் தடவச் சொல்.

எழுதுபவர் பக்கத்து லைன் வீட்டு பீர் முகம்மது பாய். ரயில்வே பார்சல் ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர். நான் ஒன்று சொன்னால் அவர் இலக்கணமாக ஒன்று எழுதுகிறார். படித்துக் காட்டச் சொன்னால் போலீஸ் புகார் மாதிரி இருக்கிறது. “ஏனுங் பாய், நாஞ்சொன்னதையே எழுதுங்க” என்றால், “நீங்க சொன்னதை எழுதுனா போஸ்ட்மேனே கிழிச்சுப் போட்டுருவாருங்க” என்கிறார். இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டே எழுதியது இது.

ஏழு காட்சி. ஆறு காட்சியைத் தனித்தாளில் சொல்லியிருக்கிறேன், வசனம், பாட்டு, யார் எந்தப் பக்கம் நுழைகிறார்கள் எல்லாம். எட்டு நாள் ஆனது. மறந்தது ஒன்றும் இல்லை.

முதல் காட்சியில் ராஜா சபையில் உட்கார்ந்து, “என் மகுடத்தை நேசிக்கிறார்களா, என்னை நேசிக்கிறார்களா?” என்று கேட்பான். மகுடத்தை மந்திரியிடம் கொடுத்துவிட்டு ஒரு வருஷம் பரதேசியாகப் போவான். அந்தக் காட்சியில் மந்திரி, “என் மானம் உங்கள் கையில் மன்னா” என்பான். தாராபுரத்து ஆட்டத்தில் குனிந்து கும்பிடும்போது மந்திரியின் ஒட்டுமீசை ராஜாவின் மாலையில் ஒட்டிக்கொண்டது. உங்கப்பன் பாலகோபால் அதைப் பிய்த்து, “இந்தாரும் மந்திரி, உமது மானம்” என்று கையில் கொடுத்தான். கொட்டகை இரண்டுபட்டது. அடுத்த ஊரிலிருந்து மீசை விழுவதும் நாடகத்தில் சேர்ந்துபோயிற்று. அதற்கென்றே பசை குறைவாகப் போட்டு ஒட்டுவோம். அதையும் எழுதச் சொல்லியிருக்கிறேன்.

கடைசிக் காட்சியைப் பிறகு சொல்கிறேன். பாய்க்குக் கை வலிக்கிறதாம்.

கீதாவுக்கும் குழந்தைக்கும் என் ஆசீர்வாதம்.

வேங்கடசாமி

*

வடபழனி
18.12.1995

மாமாவுக்கு நமஸ்காரம். இங்கே எல்லோரும் சௌக்கியம். வேப்பெண்ணெய் அம்மாவுக்குக் கேட்கிறது.

உங்கள் ஆறு காட்சிகளையும் படித்துவிட்டு அசந்து போனேன். எந்த ஊரில் எந்த ஆட்டத்தில் எவன் தும்மினான் என்பதுவரை இருக்கிறது. தயாரிப்பாளருக்கு மீசைக் காட்சி ரொம்பப் பிடித்துவிட்டது. ராஜாவைத்தான் பிடிக்கவில்லை. “ராஜா, மந்திரி எல்லாம் இப்ப எவன்யா பாக்கறான்?” என்கிறார். அதனால் ராஜாவைக் கோயமுத்தூர் மில் முதலாளி ஆக்கியிருக்கிறேன். மகுடத்துக்குப் பதில் பீரோ சாவி. பரதேசியாகப் போவதற்குப் பதில் லாரி டிரைவராக ஊர் சுற்றுகிறார். ராணிக்கு ஊட்டியில் ஒரு பாட்டு. சிரிக்காதீர்கள்.

கடைசிக் காட்சி இன்னும் வரவில்லை. எனக்கு வேண்டியதே அதுதான். தன் வாசலில் நின்று அவர் பாடும் இடத்தை எப்படி நடத்தினீர்கள்? அம்மாவிடம் கேட்டால் எழுந்து போய்விடுகிறாள்.

மாத்திரையை வேளை தவறாமல் சாப்பிடுங்கள், மாமா.

சசிதர்

*

போத்தனூர்
21.1.1996

சிரஞ்சீவி சசிதருக்கு ஆசீர்வாதம். பொங்கல் நல்லபடியாகக் கழிந்ததா? இங்கே பாய் வீட்டுக்கு நான் கரும்பு கொடுத்தேன், அவர் எனக்குச் சர்க்கரைப் பொங்கல் செய்து கொடுத்தார்.

சிரிக்கத்தான் செய்தேன். சாவியைத் தலையில் வைக்க முடியுமா மாப்பிள்ளை? ஆனால் நீ படித்தவன், செய்தால் காரணம் இருக்கும்.

கடைசிக் காட்சி இதுதான். அரண்மனை வாசல். கிழிந்த காவி கட்டி, வலக்கையில் கோலோடு ராஜா வருவான். காவற்காரன் விரட்டுவான். ராஜா வாசலில் நின்று “வாசல் என் வாசல், வழிகேட்டு நிற்கிறேன்” என்று பாடுவான். சரணம் நாலரைக் கட்டையில் ஏறும். அக்பர் அலியின் ஹார்மோனியம் அந்த இடத்தில் வழி விட்டு ஒதுங்கிக்கொள்ளும், குரல் மட்டும் போகும். உள்ளேயிருந்து ராணி குரலை அடையாளம் கண்டு கதவைத் திறப்பாள். படுதா விழும்.

எல்லா ஊரிலும் ஒன்ஸ்மோர் உண்டு. ஒன்ஸ்மோர் கேட்டால் திரும்பப் பாடிவிட்டுத்தான் கதவு திறக்கும், அது கம்பெனி வழக்கம். கயிற்றை இழுத்துப் பிடித்திருக்கும்வரை படுதா மேலே நிற்கும். கையை விட்டால் விழும். என் உத்தியோகம் அவ்வளவுதான்.

கோபி ஆட்டம் எனக்குச் சரியாக ஞாபகமில்லை. கேட்காதே.

பங்காரம்மாவை ஜாக்கிரதையாகப் பார்த்துக்கொள். அண்ணன் விசாரித்ததாகச் சொல்.

வேங்கடசாமி

*

வடபழனி
9.3.1996

மாமாவுக்கு நமஸ்காரம். கீதாவும் குழந்தையும் நலம். அம்மாவுக்குத்தான் சாப்பாடு இறங்கவில்லை. டாக்டர் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு ஈரலில் ஏதோ என்கிறார். பயப்பட வேண்டாம், பரிசோதனை நடக்கிறது.

கதை மறுபடி மாறிவிட்டது. மில் முதலாளியும் தயாரிப்பாளருக்குச் சலித்துவிட்டார். ஒருநாள் பேச்சுவாக்கில் அப்பா இறந்த விதத்தைச் சொன்னேன். எழுந்து வந்து என் தோளைப் பிடித்தார். “இதுதான்யா படம். ராஜா வேஷம் போடறவனோட கதை. கைதட்டுக்காகக் குடும்பத்தை நடுத்தெருவுல விட்டவன். நாடகம் உள்ளே ஓடட்டும், வெளியே இவன் கதை ஓடட்டும்.” இரண்டு நாள் யோசித்தேன். சரி என்று சொல்லிவிட்டேன். எனக்கும் அதுதான் தெரிந்த கதை.

அம்மாவின் டிரங்குப் பெட்டியில் ஒரு போட்டோ கிடைத்தது. அப்பா வாசல் காட்சியில் பாடுகிறார். பின்னால் “கோபி, 25.4.54” என்று ஸ்டுடியோக்காரர் எழுதியிருக்கிறார். அதாவது அந்தக் கடைசி ஆட்டம். அதில் கோல் இடக்கையில் இருக்கிறது. வலக்கை என்று நீங்கள் சொன்னீர்கள். நடிகருக்குச் சொல்ல வேண்டும், எது சரி?

இன்னொன்றும் கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். தாராபுரத்தில் மீசை விழுந்தது ஞாபகம் இருக்கிறது, கோபி மட்டும் எப்படி மறந்துபோனது?

மாத்திரையை வேளை தவறாமல் சாப்பிடுங்கள், மாமா.

சசிதர்

*

போத்தனூர்
14.6.1996

சிரஞ்சீவி சசிதருக்கு ஆசீர்வாதம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. பாய் மகள் வீட்டுக்குப் பாலக்காடு போயிருந்தார். பங்காரம்மாவின் உடம்பு எப்படி இருக்கிறது? அதை மட்டும் உடனே எழுது.

கோல் வலக்கைதான். போட்டோக்காரன் பிலிமைத் திருப்பிப் போட்டுப் பிரிண்ட் எடுத்திருப்பான். கண்ணாடியில் தெரிவது மாதிரி வலது இடதாகிவிடும். அப்படி நிறையப் பார்த்திருக்கிறேன்.

உங்கப்பன் கெட்டவன் இல்லை. அதைப் படத்தில் கொஞ்சம் பார்த்துச் செய்.

வேங்கடசாமி

*

வடபழனி
2.7.1996

மாமாவுக்கு நமஸ்காரம்.

அம்மாவுக்குப் புற்று. மறைத்துப் பயனில்லை. வீட்டுக்கே கூட்டிவந்துவிட்டோம். கஞ்சி மட்டும் இரண்டு கரண்டி. நினைவு நன்றாக இருக்கிறது. நேற்று அவள் அருகில் உட்கார்ந்து, “அப்பாவை நினைச்சுக்குவியாம்மா?” என்று கேட்டேன். “அந்த மனுசன் நம்மளைப் பார்க்கலை, கூட்டத்தைப் பார்த்தாரு” என்றாள். நாற்பத்திரண்டு வருடம் ஆகியும் அதே சூடு.

போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அப்பாவுக்குப் பின்னால் தொங்கும் காட்சிப் படுதாவில் நாடக சபாவின் பெயர் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறது. நேராகத்தான் படிக்க முடிகிறது. பிலிம் திரும்பியிருந்தால் எழுத்தும் இடம் வலம் மாறித் தெரிய வேண்டும். உங்களுக்கு எழுத்து தெரியாது, அதனால் இது தோன்றியிருக்காது.

கோல் அன்றைக்கு இடக்கையில்தான் இருந்திருக்கிறது. ஏன் என்று மட்டும் சொல்லுங்கள். அதில் ஏதோ இருக்கிறது என்று எனக்குப் படுகிறது.

மாத்திரையை வேளை தவறாமல் சாப்பிடுங்கள், மாமா.

சசிதர்

*

தந்தி
சென்னை, 8.8.1996

அம்மா காலமானார். உடனே வரவும். சசிதர்.

*

ஈரோடு
16.9.1996

சிரஞ்சீவி சசிதருக்கு மாமன் வேங்கடசாமி.

கையெழுத்து வேறாக இருக்கிறதே என்று பார்க்காதே. இது ஈரோடு தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதிக் கொடுக்கிறவர் எழுதுவது. அவர் பெயரை நான் கேட்கவில்லை. என் பெயரை அவரும் இப்போதுதான் கேட்டார். பாயிடம் இதைச் சொல்ல வாய் வரவில்லை. நாளைக்கும் அவர் முகத்தில் விழிக்க வேண்டும். அதனால் பாசஞ்சர் வண்டி ஏறி இங்கே வந்தேன். “யார் மேலுங்க புகார்?” என்று இவர் கேட்டார். “எம் மேலதானுங்க” என்றேன். எழுதத் தாளை எடுத்தார்.

பங்காரம்மாவுக்குப் பிறந்த வீட்டுக் கோடி போட நான்தான் வந்தேன். புதுச்சேலையை அவள் மேல் போடும்போதே சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். கூட்டம் இருந்தது. ஒன்பதாம் நாள் நீ என்னிடம், “கடைசிவரைக்கும் அம்மா அப்பாவை மன்னிக்கலை மாமா” என்றாய். அதற்கும் நான் தலையைத்தான் ஆட்டினேன்.

கோபி ஆட்டம் எனக்கு ஒரு நூல் விடாமல் ஞாபகம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை, பகல் ஆட்டம். தகரக் கொட்டகை, அனல். உங்கப்பனுக்கு மூன்று நாளாக நெஞ்சு சரியில்லை. காவி கட்டும்போது என்னிடம் சொன்னான்: “மச்சான், நெஞ்சுல கல்லு வச்சாப்பல இருக்குதுங்க. முடியலைன்னா கோலை இந்தக் கைக்கு மாத்துறேன். பார்த்தவொடனே கயித்தை உட்டுருங்க. அவிங்க கத்துனாக் கத்தட்டும்.” சரி என்றேன். யாருக்கும் தெரியாது, எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்.

ஒரு தடவை பாடினான். ஒன்ஸ்மோர். இரண்டாம் தடவை பாடினான். முடித்ததும் கோலை வலக்கையிலிருந்து இடக்கைக்கு மாற்றினான். என் பக்கம் பார்த்தான். ஜனங்கள் மறுபடி ஒன்ஸ்மோர் என்று பெஞ்சில் தட்டினார்கள். அக்பர் அலி விரலைக் கட்டை மேல் வைத்துக்கொண்டு வாசிக்காமல் காத்திருந்தார்.

நான் கையை விட்டால் போதும். இழுக்க வேண்டியதுகூட இல்லை.

விடவில்லை.

அரங்கசாமி வாத்தியார் எதிர்ப்பக்கத்திலிருந்து கண்ணைக் காட்டினார், ஒன்ஸ்மோருக்கு முன்னால் படுதாவை விட்டால் அன்றைக்கே சீட்டுக் கிழியும், அதனால் பயந்துவிட்டேன் என்று உன்னிடம் சொல்லலாம். வாத்தியார் செத்து இருபது வருஷம் ஆகிவிட்டது, வந்து இல்லை என்று சொல்ல மாட்டார். ஆனால் அந்த நேரம் அவர் கொட்டகை வாசலில் இருந்தார். என்னை யாரும் தடுக்கவில்லை. எனக்கே இன்னொரு தடவை கேட்க வேண்டும் போலிருந்தது. இரண்டாவது தடவை அவன் அப்படிப் பாடியிருந்தான். பதினோரு வருஷத்தில் அப்படிக் கேட்டதில்லை. இன்னும் ஒரே ஒரு தடவை, பிறகு விட்டுவிடலாம் என்று கயிற்றைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

அவன் மறுபடியும் என்னைப் பார்த்தான். வழக்கப்படி பாட ஆரம்பித்தான். அப்போதுதான் ஸ்டுடியோக்காரன் படம் பிடித்தான். கோல் இடக்கையிலேயே இருந்தது, கடைசிவரை மாற்றவில்லை. சரணம் ஏறும் இடத்தில் முழங்கால் மடங்கிற்று. அப்போதுதான் கையை விட்டேன். படுதா அவன் பாதத்தின் மேல் விழுந்தது.

மறுநாள் காலையில் ஆஸ்பத்திரியில் போய்விட்டான். பங்காரம்மா உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னை ஒன்றே ஒன்று கேட்டாள்: “எதுக்குங்கண்ணா மூணாவது தடவையும் பாடுனாரு?” நான் சொன்னேன்: “உம் புருசனுக்குக் கைதட்டுன்னாப் போதும் அம்மணி, வேற என்ன தெரியும்?”

அவள் உனக்குச் சொன்னது நான் அவளுக்குச் சொன்னது. சாகிறவரை அதை நம்பினாள். அவளிடம் சொல்ல நாற்பத்திரண்டு வருஷம் இருந்தது.

உன் படத்தில் அவனைக் கைதட்டுப் பைத்தியமாகக் காட்டாதே. வேறு யாரை வேண்டுமானாலும் கெட்டவனாக வை. படுதாக்காரன் ஒருவன் இருந்தான் என்று வை.

பதில் எழுதினால் அதைப் பாய்தான் படித்துச் சொல்ல வேண்டும். அதனால் இதைப் பற்றி ஒன்றும் எழுதாதே. என்னை இன்னும் மாமன் என்று நினைக்க உனக்கு மனம் வந்தால், எப்போதும் கடைசியில் எழுதுவாயே, மாத்திரையை வேளை தவறாமல் சாப்பிடுங்கள் என்று, அந்த வரியை எழுது. நான் தெரிந்துகொள்வேன்.

இவர் எழுதி முடித்துப் படித்துக் காட்டினார். கூலி வேண்டாம் என்கிறார்.

வேங்கடசாமி

*

வடபழனி
20.12.1996

மாமாவுக்கு,

ஈரோட்டிலிருந்து எழுதிய கடிதம் கிடைத்தது. படப்பிடிப்பில் இருந்ததால் உடனே எழுத முடியவில்லை.

வாசல் காட்சியை அரங்கு போட்டு நான்கு நாள் எடுத்தோம். எடுப்பதற்கு முன்னால், யார் என்று சொல்லாமல், தயாரிப்பாளரிடமும் வசனகர்த்தாவிடமும் புதிய விஷயத்தைச் சொல்லிப் பார்த்தேன். வசனகர்த்தா, “ஒருத்தன் கயித்தை விடாம நின்னான். சரி. அதைப் படத்துல எப்படிக் காட்டறது? அங்கே ஒண்ணும் நடக்கலையே சார்” என்றார். கையை நெருக்கமாக வைத்துக் காட்டலாம் என்றேன். “கையைக் காட்டினா கயித்தைப் பிடிச்சிருக்கான்னு நினைப்பான், வேற என்ன நினைப்பான்?” என்றார். தயாரிப்பாளர், “கைதட்டுக்கு ஆசைப்பட்டுச் செத்தான்னா கடைசி வரிசைக்காரனுக்கும் புரியும். அதுலயே விடு” என்று முடித்துவிட்டார். நானும் அப்படியே எடுத்துவிட்டேன். வட்டிக்குப் பணம் வாங்கிப் போடுகிறவர் அவர்.

கோலை நடிகர் வலக்கையிலேயே வைத்திருக்கிறார்.

படம் மார்ச் மாதம் வெளிவரும் என்று நினைக்கிறேன். கீதாவும் ஹர்ஷிணியும் நலம்.

அம்மாவின் பெட்டியில் இருந்த போட்டோவை இத்துடன் வைத்திருக்கிறேன். இனி எனக்கு அது தேவைப்படாது.

இப்படிக்கு,
சசிதர்

*

போத்தனூர்
29.3.1997

சிரஞ்சீவி சசிதருக்கு மாமன் வேங்கடசாமி ஆசீர்வாதம். நீயும் கீதாவும் குழந்தையும் சுகமாக இருக்க வேண்டும்.

உன் கடிதம் வந்த அன்று பாய் படித்துச் சொன்னார். முடிந்ததும் இன்னொரு தடவை படிக்கச் சொன்னேன். படித்தார். மறுபடியும் படிக்கச் சொன்னேன். “ஏனுங்க நாயுடு, அவ்வளவுதானுங்க இருக்குது. பின்பக்கமும் திருப்பிப் பார்த்துட்டேன்” என்றார். மூன்றாவது தடவையும் படித்தார். கடைசியில் உன் பெயர்தான் இருந்தது.

அன்றைக்கே பாயிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இனி ஒளித்து வைத்து யாருக்கு ஆகப்போகிறது? அவர் போட்டோவை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “எழுத்து நேராத்தானுங்க இருக்குது” என்று மட்டும் சொன்னார். மூன்று நாள் என் வீட்டுப் பக்கம் வரவில்லை. நாலாம் நாள் வந்து உட்கார்ந்தார். சண்டை மட்டும் போடுவதில்லை. சொன்னதைச் சொன்னபடி எழுதுகிறார்.

படம் போன வாரம் வெள்ளிக்கிழமை கோயமுத்தூரில் வந்தது. நேற்று முன்தினம் மாட்டினிக்குப் பாய் கூட்டிப்போனார். டிக்கெட் கிழிக்கிறவன், “பாத்துக்குங்க பெரியவரே, நாளைக்கு இது இருக்காது” என்றான். உள்ளே எங்களோடு சேர்த்துப் பதினோரு பேர். நான் தலையை எண்ணினேன், கொட்டகையில் அது என் பழக்கம்.

நாடகக் காட்சிகள் நன்றாக வந்திருக்கின்றன. மீசை விழுந்த இடத்தில் முன்னால் இருந்தவன் சிரித்தான். நான் சொன்ன வசனம் ஒரு எழுத்துக் குறையவில்லை என்று நினைக்கிறேன். உன் உழைப்பு தெரிகிறது.

வாசல் காட்சி வந்தது. நடிகன் ஒரு தடவை பாடினான். படத்துக்குள் இருக்கிற ஜனங்கள் ஒன்ஸ்மோர் கேட்டார்கள். இரண்டாம் தடவை பாடினான். மறுபடி ஒன்ஸ்மோர். அவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தான். கண்ணில் என்ன ஆசை! நன்றாக நடிக்கிறவன்தான். உங்கப்பன் அன்றைக்குச் சிரிக்கவில்லை. கூட்டத்தைப் பார்க்கவும் இல்லை. கோல் வலக்கையிலேயே இருந்தது. மாறுமா, மாறுமா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். மாறவில்லை.

மூன்றாவது தடவைக்கு அவன் வாயைத் திறக்கும்போது நான் எழுந்து நின்றுவிட்டேன். “கயித்தை உடுங்கடா!” என்று கத்திவிட்டேன். நான் கத்தியது எனக்கே பிறகுதான் தெரிந்தது. முன்னால் இருந்தவன் திரும்பி, “பெருசு, இது சினிமா. ஏது கயிறு? உக்காருங்க” என்றான். யாரோ ஒருவன் விசில் அடித்தான். பாய் என் கையைப் பிடித்து உட்கார வைத்தார். என் விரல் மூடிக்கிடந்தது. அவர்தான் ஒவ்வொன்றாக விரித்தார்.

பாட்டு முழுவதும் ஓடிற்று. அவன் விழுந்தான். மனைவியாக வந்தவள் குழந்தையோடு அழுதாள். வெளியே வரும்போது எங்களுக்குப் பின்னால் வந்த புருசன் பெண்சாதியில், அந்தப் பெண் சொன்னாள்: “நல்லா வேணுமுங்க அவனுக்கு. புள்ளையை நெனைச்சானா?” பாய் என்னைப் பார்க்காமல் வேகமாக நடந்தார்.

நேற்று அந்த வழியாகப் போனவர்கள், போஸ்டர் மேலேயே வேறு படத்தை ஒட்டிவிட்டார்கள் என்றார்கள். ஏழு நாளோடு முடிந்துவிட்டது. உனக்கு இனி என்ன வழி என்று நினைத்துத் தூக்கம் பிடிக்கவில்லை. உன் படம் ஓடாததில் எனக்கு நிம்மதி என்று நினைத்துவிடாதே. எங்களைத் தவிர ஒன்பது பேராவது அவனைப் பார்த்து, அப்படிப்பட்டவன் என்று நம்பிப் போனார்கள். முதலில் ஒருத்திதான் நம்பினாள்.

போட்டோவைக் கண்ணாடி போட்டு மாட்டவில்லை. துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்திருக்கிறேன். எனக்குப் பிறகு பாய் உனக்கு அனுப்புவார். வேண்டாமென்றால் திருப்பி அனுப்பாதே, அவருக்கும் வயதாகிவிட்டது.

குழந்தைக்கு அம்மை ஊசி போட்டாயா? வெயில் ஏறுகிறது, ஜாக்கிரதை.

மாத்திரையைக் காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று, வேளை தவறாமல் சாப்பிடுகிறேன். இதைக் கடைசி வரியாக எழுதச் சொன்னேன். பாய் எழுதிவிட்டார்.